உட்கார்ந்துவிட்டவருக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

தமிழ்நாட்டிலிருந்து குளிர்காலத்தில் இமயமலைக்கு ஆட்களை அழைத்துப்போகும் மலையேற்றக் குழு ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

டிசம்பர், ஜனவரி பேட்ச்சுகளுக்கு ஆள் சேர்க்கத் தொடங்கிவிட்டீர்கள். உத்தராகண்டின் கேதார்காந்தா, பிரம்மதால், குவாரி பாஸ் என்று சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் புறப்படுகிறவர்களில் பாதிப் பேராவது முதன்முதலாகப் பனியைப் பார்க்கப்போகிறவர்கள். மார்கழிக் காலையில் இருபது டிகிரிக்கே ஸ்வெட்டர் தேடுகிற ஊர்க்காரர்கள் நாம். டேராடூனில் இறங்கி, மலைப்பாதையில் ஒரு முழுப் பகல் வண்டியில் குலுங்கி, சாங்க்ரி போன்ற அடிவார ஊருக்குப் போய்ச் சேர்ந்து, அடுத்த மூன்று நாளில் பூஜ்யத்துக்குப் பத்து டிகிரி கீழே நிற்கப்போகிறார்கள். உங்களை நம்பித்தான் வருகிறார்கள்.

அவர்களுக்கு நீங்கள் அனுப்பும் சாமான் பட்டியலைப் பற்றித்தான் எழுதுகிறேன். தெர்மல் உள்ளுடை இரண்டு செட், ஃப்ளீஸ் மேற்சட்டை, காற்றுத் தடுப்பு ஜாக்கெட், குரங்குக் குல்லா, கையுறை, கம்பளிக் காலுறை, குளிர்கண்ணாடி. எல்லாம் சரி. ஜீன்ஸும் பருத்தி பனியனும் வேண்டாம், நனைந்தால் காயாது என்று தடித்த எழுத்தில் போடுகிறீர்கள், அதுவும் ரொம்பச் சரி. நடந்துகொண்டிருக்கிற மனிதருக்கு இந்தப் பட்டியல் போதும். கணுக்கால் பிசகியோ, உயரம் ஒத்துக்கொள்ளாமலோ, புயலில் வழி தெரியாமலோ மலையில் உட்கார்ந்துவிடுகிறவருக்கு அதில் எதுவும் இல்லை.

ஏற்றத்தில் நடக்கிற உடம்பு சும்மா இருக்கும்போது உண்டாக்குவதைப் போலப் பல மடங்கு சூட்டை உண்டாக்குகிறது. அதனால்தான் கடுங்குளிரிலும் ஜிப்பைத் திறந்துவிட்டு ஏறுகிறோம். உட்கார்ந்த கணத்திலிருந்து அந்தச் சூடு கிடையாது. உள்ளே வேர்த்த தெர்மல் ஈரமாக இருக்கும். அடியில் பனி, மேலே காற்று. உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனாலே தாழ்வெப்பம் என்கிறது மருத்துவம். அந்த இடத்துக்கு வர ஒரு ராத்திரி முழுக்கத் தேவையில்லை, காற்றும் ஈரமும் சேர்ந்தால் ஓரிரு மணி நேரமே போதுமானதாகிவிடலாம்.

2024 ஜூன் மாதம் உத்தராகண்டின் சகஸ்ர தால் ஏரிக்குக் கர்நாடகத்திலிருந்து ஒரு குழு போனது. வழிகாட்டிகளையும் சேர்த்து 22 பேர். ஏரியைப் பார்த்துவிட்டு முகாமுக்குத் திரும்பும் வழியில் பனிப்புயல் சூழ்ந்துகொண்டது. எதிரே இருப்பது தெரியவில்லை. 14,000 அடிக்கு மேலே, வெட்டவெளியில் ராத்திரியைக் கழிக்க வேண்டியதாயிற்று. ஒன்பது பேர் இறந்தார்கள், மற்ற 13 பேரை மீட்டுக் கொண்டுவந்தார்கள். அந்தக் குழுவைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. அது ஜூன் மாதம் என்பதையும், முகாமுக்குத் திரும்பும் நடையில்தான் அது நடந்தது என்பதையும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். கூடாரமும் ஸ்லீப்பிங் பேக்கும் முகாமில் இருக்கும். ஆட்கள் வேறு இடத்தில் இருப்பார்கள்.

நம் குளிர்கால நடைகளில் இந்தப் பிரிவு ஒவ்வொரு நாளும் நடக்கிறது. பெரிய முதுகுப்பையை ஆஃப்லோடு பண்ணிக் கோவேறு கழுதையில் ஏற்றிவிடுகிறோம். கழுதைகள் முன்னாலேயே முகாமுக்குப் போய்விடும். ஆள் ஒரு சின்னப் பையோடு பின்னால் வருவார், அதில் தண்ணீர், பிஸ்கட், போன், மழைக்கு ஒரு பான்சோ. சிகரம் ஏறும் நாள் இன்னும் மோசம். கேதார்காந்தாவில் ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக்கு எழுப்பி, "வெயிட் வேண்டாம், எல்லாத்தையும் டென்ட்லயே விட்டுடுங்க" என்றுதான் சொல்கிறோம். 12,500 அடி உயரத்துக்கு, அந்த நாளின் மிகக் குளிரான நேரத்தில், ஒரு பாட்டிலோடும் இரண்டு சாக்லேட்டோடும் ஏறுகிறார்கள். அங்கே ஒருவருக்குக் கால் மடங்கினால், அவரைத் தூக்கிக்கொண்டு அந்தச் சரிவில் இறங்கப் பல மணி நேரம் ஆகும். அந்த மணி நேரங்களை அவர் எதன் மேல் படுத்து, எதைப் போர்த்திக்கொண்டு கழிப்பார்?

போன் பண்ணினால் வருவார்கள் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். முகாமுக்கு மேலே சிக்னலை நம்ப முடியாது. வெளிநாட்டு மலையேறிகள் செயற்கைக்கோள் கருவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு போகிறார்கள், பொத்தானை அழுத்தினால் செய்தி போய்விடும். நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். இந்தக் கருவியோடு வந்து விமான நிலையத்தில் மாட்டிக்கொண்ட வெளிநாட்டுக்காரர்கள் உண்டு. ஆகவே உதவி கேட்க ஒருவர் கால்நடையாக இறங்கிப் போக வேண்டும், உதவி கால்நடையாகவே ஏறி வர வேண்டும். மேகம் மூடியிருந்தால் ஹெலிகாப்டரும் பறக்காது. மாலையில் அடிபட்டால் விடியும்வரை அங்கேதான் என்று வைத்துக்கொண்டுதான் மூட்டை கட்ட வேண்டும்.

நான் கேட்பது இரண்டு மூட்டைகள். ஒன்று ஒவ்வொருவர் முதுகிலும். மற்றொன்று குழுவுக்குப் பொதுவாக.

ஒவ்வொருவருக்குமானது ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது. பிளாஸ்டிக் உறைக்குள் கட்டிய உலர்ந்த தெர்மல் சட்டை ஒன்று, காலுறை ஒரு ஜோடி, மாற்றுக் கையுறை ஒன்று. மாற்றுக் கையுறையை ஆடம்பரம் என்று நினைப்பவர்கள், கழற்றி வைத்த கையுறை காற்றில் பறந்து சரிவில் போவதைப் பார்த்ததில்லை. அப்புறம் ஹெட்லாம்ப். அதற்கு லித்தியம் பேட்டரி, ஏனென்றால் சாதா பேட்டரி கடுங்குளிரில் சோர்ந்துவிடும். போனையும் பவர் பேங்கையும் உள்சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் அதையும் அங்கேதான் வைக்க வேண்டும், உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. ஒரு விசில். ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை ஊதினால் ஆபத்து என்று பொருள், மூன்று முறை ஊதினால் கேட்டுவிட்டது என்று பதில். இதைச் சாங்க்ரியிலேயே எல்லோருக்கும் ஊதிக் காட்டிவிடுங்கள். தின்பதற்குக் கடலைமிட்டாய், பேரீச்சம்பழம். அந்தக் குளிரில் சாக்லேட் கல்லாகிவிடும். உட்கார ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு ஃபோம் துண்டு. பழைய யோகா மேட்டை வெட்டினால் போதும்.

தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகப் பையில் செருகச் சொல்லுங்கள். பனிக்கட்டி மேலேதான் முதலில் பிடிக்கும், தலைகீழாக வைத்தால் மூடிப்பக்கம் திறந்திருக்கும். குழாய் வைத்த தண்ணீர்ப் பையை அங்கே கொண்டுவரவே கூடாது, குழாய் அரை மணியில் உறைந்துவிடும்.

இதோடு கடைசியாக ஒன்று. பல பட்டியல்களில் "எமர்ஜென்சி பிளாங்கெட்" என்று ஒரு வரி இருக்கிறது. உள்ளங்கை அளவு மடித்த வெள்ளிக் காகிதம் போன்ற தாள். அதை வாங்கியவர்களில் எத்தனை பேர் காற்றில் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்? நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். தடித்த கையுறையோடு மடிப்பின் நுனியைப் பிடிக்கவே முடியாது. கையுறையைக் கழற்றிப் பிரித்தால் பாதி விரிவதற்குள் காற்று உள்ளே புகுந்து படபடவென்று அடிக்கும். எங்காவது மைக்ரோஸ்பைக்கின் (பனியில் வழுக்காமலிருக்கக் காலணியில் மாட்டும் முள்) முனையோ ஜிப்போ பட்டால் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை கிழிந்துகொண்டே போகும். உடம்பிலிருந்து கதிராக வெளியேறும் சூட்டை அது திருப்பி அனுப்பும், உண்மைதான். ஆனால் அடியிலிருந்து பனி உறிஞ்சும் சூட்டையும், ஓரத்தில் புகுகிற காற்றையும் அந்தத் தாளால் தடுக்க முடியாது. அதே பொருளில் கொஞ்சம் தடிமனாக, பை போலத் தைத்தது கிடைக்கிறது. அதற்குள் ஆள் காலோடு நுழைந்துகொள்ளலாம், எடையும் சொற்பம்தான். தாளுக்குப் பதிலாக அந்தப் பையைப் பட்டியலில் போடுங்கள். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் பயன்படும்.

இனி, பொது மூட்டை. பத்துப் பன்னிரண்டு பேர் போகும் குழுவுக்கு இது ஆறு கிலோ வரும். நல்ல ஸ்லீப்பிங் பேக் ஒன்று, முழு நீள ஃபோம் மேட் இரண்டு, ஸ்டவ், கேஸ், ஒரு சின்னப் பாத்திரம், சர்க்கரை, முதலுதவிப் பெட்டி, எல்லோரும் ஒண்டிக்கொள்ள ஓர் உறை. இதைக் குழுத் தலைவரும் வரிசையின் கடைசியில் வருபவரும் பிரித்துச் சுமக்க வேண்டும். ஸ்லீப்பிங் பேக் கட்டாயம் கடைசி ஆளிடம் இருக்கட்டும். உட்கார்ந்துவிடுகிறவர் அவர் கண்ணில்தான் படுவார். கழுதை மேல் ஏற்றவே கூடாது.

அந்த உறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் குழுக்களில் அதைப் பார்க்க முடிவதில்லை. பிரிட்டனில் மலைக்குக் குழுக்களை அழைத்துப்போகும் தலைவர்கள் வழக்கமாகவே பையில் வைத்திருப்பார்கள். கம்பி, முளை, கயிறு எதுவும் கிடையாது. தண்ணீர் புகாத மெல்லிய நைலானில் தைத்த பெரிய சாக்கு, அவ்வளவுதான். ஏழெட்டுப் பேர் முழங்கால்கள் இடிக்க எதிரெதிரே உட்கார்ந்து, அதைத் தலைக்கு மேலே இழுத்து, ஓரத்தைத் தங்கள் அடியிலேயே அழுத்திக்கொள்வார்கள். காற்று நின்றுவிடும். சில நிமிடங்களில் மூச்சுச் சூட்டிலேயே உள்ளே வெதுவெதுப்பு வரும். அதற்குள் ஈரச் சட்டையை மாற்றலாம், காயத்தைப் பார்க்கலாம், அடுத்து என்ன செய்வது என்று பேசலாம். வெளியே புயலில் நின்றுகொண்டு இதில் எதுவும் நடக்காது. ரெயின்கோட் துணியில் நம்மூர்த் தையற்காரரிடமே இதைத் தைத்துக்கொள்ளலாம். மூச்சுக்காற்றுக்கு இரண்டு பக்கம் திறப்பு விட வேண்டும். உள்ளே ஸ்டவ் பற்றவைக்கவே கூடாது. கூடாரத்துக்குள் கரி அடுப்பு வைப்பதும் அதே காரணத்துக்காகத்தான் தவறு. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

கேஸ் உருளையையும் தீப்பெட்டியையும் விமானத்தில் கொண்டுபோக முடியாது, டேராடூனில் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது வெறும் பியூட்டேன் உருளையைத் தவிர்க்கவும். கடுங்குளிரில் பியூட்டேன் சரியாக ஆவியாகாது, ஸ்டவ் எரியாது. புரொப்பேன் கலந்த உருளை வேண்டும். சிகரெட் லைட்டருக்கும் இதே சங்கடம் உண்டு, அதை உள்பாக்கெட்டில் வைத்திருந்தால்தான் பற்றும்.

உட்கார்ந்துவிட்டவரை எப்படிக் கவனிப்பது என்பதையும் உங்கள் தலைவர்கள் ஊரிலேயே ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும். முதலில் அடியில் இரண்டு மேட். ஸ்லீப்பிங் பேக்கின் பஞ்சு உடம்பின் கனத்தில் நசுங்கிவிடும், நசுங்கிய பஞ்சு சூட்டைக் காக்காது, ஆகவே மேட் இல்லாத ஸ்லீப்பிங் பேக் பாதி வீண். பிறகு உறைக்குள் வைத்து ஈர உடையைக் கழற்றி உலர்ந்ததைப் போட்டு, ஸ்லீப்பிங் பேக்குக்குள் விட வேண்டும். வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றிக் காலுறைக்குள் போட்டு அக்குளிலோ மார்பின் மேலோ வைக்கலாம். முழு நினைவோடு விழுங்க முடிகிறவர் என்றால் சூடான சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். கைகால்களைத் தேய்க்கக் கூடாது, முரட்டுத்தனமாகப் புரட்டவும் கூடாது. குளிர்ந்துபோன இதயம் அதைத் தாங்காது. பேச்சு குழறுவது, காரணமில்லாமல் எரிந்துவிழுவது, ஜிப்பைப் போடத் தெரியாமல் விரல் தடுமாறுவது, இவையெல்லாம் ஆரம்ப அடையாளங்கள். நடுக்கம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைப்பது பெரிய ஆபத்து, நிலைமை முற்றியதன் அறிகுறி அது. அந்தக் கட்டத்தில் சிலர் புழுங்குகிறது என்று ஜாக்கெட்டைக் கழற்றுவார்கள். விடக் கூடாது.

ரம் விஷயத்தையும் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். குளிருக்கு நல்லது என்று அரை பாட்டில் ரம்மை மூட்டையில் சொருகிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாப் பேட்ச்சிலும் இருக்கிறார்கள். குடித்தால் தோலுக்கு ரத்தம் அதிகம் பாயும், அதனால் சூடாக இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் உள்ளிருக்கும் சூடு வேகமாக வெளியேறுகிறது. சாங்க்ரியில் பையைத் திறந்து பார்க்கும்போது அதை எடுத்து வைத்துவிடுங்கள். சங்கடம்தான், ஆனாலும் செய்யுங்கள்.

முகாமில் கொடுக்கும் ஸ்லீப்பிங் பேக்குகளையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். "மைனஸ் பத்து" என்று மேலே அச்சிட்டிருந்தால் அது எந்தக் கணக்கு என்று கேளுங்கள். ஐரோப்பியத் தர அளவுப்படி ஒரே பைக்குச் சௌகரியமாகத் தூங்கும் வெப்பநிலை, தாக்குப்பிடிக்கும் எல்லை, உயிர் மட்டும் மிஞ்சும் நிலை என்று மூன்று எண்கள் உண்டு. கடைசி எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். நம்மூர் ஆட்களுக்குச் சௌகரிய எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

மலையேறப் போனவர்களைப் பலிகொண்ட குரங்கணிக் காட்டுத் தீக்குப் பிறகு 2018-இல் தமிழ்நாட்டுக் காடுகளில் மலையேற்றத்துக்கு அரசு விதிமுறைகள் கொண்டுவந்தது. அந்த விதிகள் நம் மாநிலக் காடுகளோடு நின்றுவிடுகின்றன. உத்தராகண்டில் பனிக்கு மேலே உங்கள் குழுவின் பாதுகாப்பு பெரும்பாலும் உங்கள் மனச்சாட்சியில்தான் இருக்கிறது. இன்னொரு விபத்து நடந்து, இன்னொரு விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே கேட்கிறேன். முன்பணம் வாங்குவதற்கு முன்பே இந்த இரண்டு மூட்டைகளையும் அறிவிப்பில் போடுங்கள். சாங்க்ரியில் முதல் நாள் சாயங்காலம் ஒவ்வொருவர் பையையும் திறந்து பாருங்கள், குறை இருந்தால் அங்கேயே வாடகைக்கு எடுத்துக் கொடுங்கள். சிகரம் ஏறும் ராத்திரி யார் முதுகில் அந்த ஆறு கிலோ இருக்கும் என்பதை முந்தின நாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னிலும் பெயர் சொல்லி அறிவியுங்கள். சுமக்க ஆள் இல்லையென்றால் கூலி கொடுத்து உள்ளூர்ப் போர்ட்டர் ஒருவரைக் கூடவே ஏற்றுங்கள், அந்தச் செலவைக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் தருவார்கள்.

ஒண்டும் உறையின் தையல் அளவு எந்தக் குழுவுக்கு வேண்டுமானாலும் வரைந்து தருகிறேன். டிசம்பர் முதல் பேட்ச் கிளம்புவதற்குள் தைத்து முடித்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் குழுக்களோடு மலையேறி வரும் ஒருவர்