விஷன்சரில் இரண்டு இரவுகள்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆகஸ்டில் காஷ்மீரின் மலை ஏரிகளுக்கு நடக்கப் போவதாகவும், கூடவே தூண்டிலும் வருவதாகவும் உன் அம்மா சொன்னாள். சோனமார்க்கில் தொடங்கி நாரநாக்கில் முடியும் அந்த ஏறத்தாழ 70 கிலோமீட்டர் பாதையை வழக்கமான ஏழு நாள் திட்டத்தில் நடந்தவன் என்பதால், ஒன்றை மட்டும் வற்புறுத்துகிறேன்: விஷன்சர் ஏரிக்கரையில் இரண்டு இரவுகள் தங்கு.

நான் ஓர் இரவுதான் தங்கினேன். நிச்னாய் கணவாயைக் கடந்து பிற்பகலில் கூடாரத்தை அடைந்தபோது தலை கனத்து, காலணியைக் கழற்றவும் தெம்பில்லாமல் படுத்துவிட்டேன். மறுநாள் விடியற்காலையிலேயே, சுமார் 4,200 மீட்டர் உயரத்திலுள்ள கட்சர் கணவாயை நோக்கிக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். மீன் இரையெடுக்கும் அந்தியும் அதிகாலையும் அப்படியே கைநழுவிப் போயின. ஒரு நாள் கூடுதலாக இருந்தால் உடலும் உயரத்துக்குப் பழகும், சற்று மேலே இருக்கும் கிருஷன்சர் ஏரிக்கும் நிதானமாகப் போய்வரலாம். அதன் நீர்தான் விஷன்சருக்கு இறங்கி வருகிறது; விஷன்சரிலிருந்து புறப்படும் ஓடையோ கிஷன்கங்கா ஆறாகி, எல்லைக்கு அப்பால் நீலம் என்று பெயர் மாறுகிறது. ஓடை ஏரியில் கலக்கும் வாயிலும் ஏரியை விட்டு வெளியேறும் வாயிலும் நின்று பார். இரை அங்கேதான் மிதந்து வரும்.

நம்மூர் ஏரியில் மண்புழுவைக் கோத்து, தக்கை அமிழும்வரை காத்திருந்து கெண்டை பிடித்த பழக்கம் அங்கே உதவாது. அங்கே இருப்பது பழுப்பு டிரவுட் என்ற மீன். வெள்ளைக்காரர்கள் 1900 வாக்கில் ஸ்காட்லாந்திலிருந்து முட்டைகளாகக் கப்பலில் கொண்டுவந்து காஷ்மீரில் வளர்த்த இனம். குளிர்ந்த நீரில்தான் பிராணவாயு அதிகம் கரைந்திருக்கும் என்பதால் பனி உருகிய தண்ணீர் அதற்கு ஒத்துப்போனது. தெளிந்த நீரில் உன் நிழல் விழுந்தாலே ஓடிவிடும். ஆகவே குனிந்து, கரையிலிருந்து சற்று விலகி நின்று, இறகும் நூலும் சுற்றிச் செய்த போலிப் பூச்சியை வீச வேண்டும். மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டை ஸ்ரீநகரிலேயே வாங்கி, எந்தத் தூண்டில், எத்தனை மீன் என்ற நிபந்தனைகளை வாசித்துக்கொள். எல்லைக்கோடு அருகில் இருப்பதால் வழியில் ராணுவச் சாவடிகளில் அடையாள அட்டையும் கேட்பார்கள்.

வழியிலுள்ள கட்சர், சத்சர் ஏரிகள் இரண்டையும் நடந்தபடியே பார்த்துவிடலாம். ஹர்முக் சிகரத்தின் அடியில் கிடக்கும் கங்காபல் ஏரியில் மட்டும் அடக்கமாக இரு. காஷ்மீரப் பண்டிதர்கள் அஸ்தி கரைக்கும் நீர் அது. நான் அங்கே தூண்டிலைப் பையிலிருந்து எடுக்கவில்லை. சட்டம் தடுக்கவில்லை, மனம் வரவில்லை.

கடைசி நாள் நாரநாக்குக்கு இறங்கும் 1,300 மீட்டர் சரிவு முழங்காலைப் பதம் பார்த்துவிடும். என் ஊன்றுகோல்கள் பரணில் சும்மாதான் கிடக்கின்றன. புறப்படுமுன் வந்து எடுத்துப் போ.

இப்படிக்கு,
உன் மாமா