புகை தெரியாத புகைபோக்கி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது. படியேற அவசரப்படாதே. இங்கே எல்லோரும் நலம். எனக்கு இந்த வாரம் இரவு ஷிஃப்ட். இப்போதுதான் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

உன் மகள் கேட்கச் சொன்னதாக எழுதியிருந்தாயே, "எரிவாயு மின்நிலையத்துப் புகைபோக்கியில் புகையே காணோம், அப்போது அது சுத்தம்தானே?" என்று. நல்ல கேள்வி. இத்தனை வருடம் அந்தப் புகைபோக்கியின் அடியிலேயே வேலை பார்ப்பவன் நான், சரியாகச் சொல்ல வேண்டும்.

உள்ளே நடப்பதை முதலில் சொல்கிறேன். வெளிக்காற்றை இழுத்து, ஏறத்தாழ 20 மடங்கு அழுத்தி, அதில் எரிவாயுவைக் கலந்து எரிக்கிறோம். 1500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடான அந்த வாயு டர்பைன் பிளேடுகளைத் தள்ளிச் சுழற்றுகிறது. பிளேடு செய்த உலோகமே உருகிவிடக்கூடிய சூடு அது. அதனால் அந்தச் சூட்டை நேராகத் தாங்கும் பிளேடுகளில் ஊசித்துளைகள் போட்டு, உள்ளிருந்து காற்று கசியும்படி வைத்திருப்பார்கள். அந்தக் காற்று மெல்லிய போர்வை மாதிரி மேலே படிந்து பிளேடைக் காப்பாற்றுகிறது. பராமரிப்புக்காகக் கழற்றிய பிளேடு ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் பொருளில் அவ்வளவு உழைப்பு.

டர்பைன் தரும் சக்தியில் பாதிக்கு மேல் காற்றை அழுத்துவதற்கே போய்விடும். மிச்சம்தான் மின்சாரம். 1939-ல் சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டலில் முதன்முதலில் மின்சாரத்துக்காக ஓடிய கேஸ் டர்பைன் வெறும் 4 மெகாவாட். எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ 17 சதவீதம்தான் மின்சாரமானது, அவ்வளவு சொற்பம். இன்றைக்குச் சிறந்த நிலையங்கள் 60 சதவீதத்தைத் தாண்டுகின்றன. காரணம், டர்பைனை விட்டு வெளியேறும் 600 டிகிரி வாயுவை வீணாக்காமல் அதைக் கொண்டு நீராவி தயாரித்து, இன்னொரு டர்பைனையும் ஓட்டுகிறோம். கம்பைன்ட் சைக்கிள் என்பது இதுதான்.

இனி புகைக்கு வருகிறேன். எரிவாயுவில் பெரும்பங்கு மீத்தேன். அது எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும்தான். நிலக்கரிபோல் சாம்பல் இல்லை, கந்தகம் மிகக் குறைவு. அதனால்தான் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. ஆனால் ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் 2.75 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 350 முதல் 400 கிராம் என்று வைத்துக்கொள். 500 மெகாவாட் நிலையம் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 175 டன்னுக்குக் குறையாது. நிலக்கரி என்றால் இது இரண்டு மடங்குக்கும் மேல். அந்த வித்தியாசம் பெரியது, மறுக்கவில்லை. ஆனாலும் "சுத்தம்" என்ற சொல்லை என்னால் சொல்ல முடியாது.

இன்னொன்று, காற்றை மாசுபடுத்தும் நைட்ரஜன் ஆக்சைடு. இது எரிபொருளிலிருந்து வருவதல்ல, அத்தனை சூட்டில் காற்றிலிருக்கும் நைட்ரஜனே எரிந்து உண்டாவது. காற்றைக் கூட்டிக் கலந்து சுடரின் சூட்டைக் குறைக்கிறோம், அப்புறம் மிச்சமிருக்கும் ஆக்சைடை நைட்ரஜனாகவே திருப்ப, அமோனியாவைத் தெளித்து வினையூக்கி வழியாக அனுப்புகிறோம். நன்றாக வேலை செய்யும். ஆனால் வினையூக்கி சூடாகும் வரை அது சும்மாதான் இருக்கும். குறைந்த சுமையில், அதாவது மின் உற்பத்தி குறைவாக இருக்கும்போது, சுடரும் தடுமாறும், கார்பன் மோனாக்சைடு ஏறும். முன்பெல்லாம் ஒருமுறை ஸ்டார்ட் செய்தால் வாரக்கணக்கில் ஓடும். இப்போது சூரிய மின்சாரம் வரும் பகலில் நிறுத்தி, மாலையில் ஓட்டச் சொல்கிறார்கள். அது தேவைதான், ஆனால் ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் இந்த விலை உண்டு.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது எரியாத வாயு. கிணற்றிலும் குழாயிலும் வால்விலும் கசியும் மீத்தேன், 20 வருடக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். கசிவு ஏறத்தாழ 3 சதவீதத்தைத் தாண்டினால், நிலக்கரியைவிட நல்லது என்று நாம் சொல்லிக்கொள்ளும் பேச்சே கரைந்துவிடும். அது என் கண்ட்ரோல் ரூம் திரையில் வராது; எங்கள் வேலிக்கு வெளியே நடப்பது. மகளை அந்தக் கணக்கையும் கட்டாயம் சேர்த்துப் பார்க்கச் சொல்.

உன் கால் சரியானதும் அவளையும் கூட்டிக்கொண்டு ஒரு மாலை வா. வெளிச்சம் இருக்கும்போதே ஸ்டார்ட் செய்தால், முதல் சில நிமிடம் புகைபோக்கியின் வாயில் இலேசான மஞ்சள் நிறம் தெரியும். நைட்ரஜன் டை ஆக்சைடு. அப்புறம் சுமை ஏற ஏற அது மறைந்து, மேலே வெறும் வானம்தான் இருக்கும். இரண்டையும் அவள் பார்க்கட்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்