குழித்தட்டில் நிரப்பும் நார்க்கழிவுக்கும் ஓர் அளவுகோல் வேண்டும்

தமிழ்நாடு அரசின் வேளாண்மை – உழவர் நலத்துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

தக்காளி, மிளகாய், கத்தரி பயிரிடுவோரில் பலர் இப்போது விதை வாங்குவதில்லை. நாற்றுப்பண்ணையில் நாற்றாகவே வாங்குகிறார்கள். ஒரு எக்டேர் வீரிய ஒட்டுத் தக்காளிக்கு 98 குழிகள் கொண்ட 238 தட்டுகளும், அவற்றை நிரப்ப 300 கிலோ தென்னை நார்க்கழிவும் (மட்டையில் நார் எடுத்தபின் மிஞ்சும் துகள்) வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அந்த 300 கிலோவின் தரத்தைச் சாக்கில் எழுதி விற்கும் வழக்கம் உள்ளூர்ச் சந்தையில் இல்லை என்பதே இம்மடலுக்குக் காரணம்.

தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் குளோரைடும் மிகுதி. உவர்நீரில் ஊறிய மட்டையென்றால் சோடியமும் சேர்ந்துகொள்ளும். அலசாத புதுக் கழிவைத் தட்டில் நிரப்பினாலும் விதை முளைக்கத்தான் செய்யும். சில நாள் கழித்து இலை நுனி பழுப்பேறும்; நாற்றை உருவினால், வெள்ளை வேர் பின்னிய கட்டியாக வராமல் உதிரியாகக் கொட்டும். விவசாயி விதையைக் குறை சொல்வார், விதைக் கடைக்காரர் வெயிலைக் குறை சொல்வார், நார்க்கழிவின் மேல் எவருக்கும் சந்தேகம் வராது.

நன்னீரில் அலசினால் கரையும் உப்பு போய்விடும். துகளோடு ஒட்டியிருக்கும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியேற்ற, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து மறுபடியும் அலச வேண்டும். வெளிநாட்டார் கேட்பதால் ஏற்றுமதிச் சரக்குக்கு இதைச் செய்கிறார்கள். ‘லோ ஈசி’ (உப்பு குறைந்தது), ‘ஹை ஈசி’ (உப்பு மிகுந்தது) என்று பிரித்து விலை சொல்வதும் அதனால்தான்; ஈசி என்பது உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்தும் திறன். கேட்கத் தெரியாதவருக்கு எது மிஞ்சுகிறதோ அது வருகிறது.

மக்காத கழிவில் கார்பன்–நைட்ரஜன் விகிதம் 112:1 என்ற அளவில் இருப்பதால், நுண்ணுயிர்கள் நாற்றுக்குரிய தழைச்சத்தைப் பிடுங்கிக்கொள்கின்றன. ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காயாமல் 60 நாள் மக்கவைத்தால் அது 24:1 வரை இறங்கும் என்பது பல்கலைக்கழகம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் முறை. ஆனால் வாங்கும் கழிவு மக்கியதா, மழையில் நனைந்து கறுத்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது.

எனவே, உள்ளூரில் விற்கும் ஒவ்வொரு சாக்கிலும் அழுத்திய நார்க்கழிவுக் கட்டியிலும் மின் கடத்தும் திறன், கார அமில நிலை, அலசியதா, மக்கியதா என்ற விவரங்களை அச்சிடச் செய்ய வேண்டுகிறேன். மண்ணுக்கும் நீருக்கும் இந்த அளவுகளைப் பார்க்கும் மண் பரிசோதனை நிலையங்கள், நார்க்கழிவு மாதிரியையும் அதே கட்டணத்தில் ஏற்கலாம். புதிய கருவி எதுவும் தேவைப்படாது. அரசு தோட்டக்கலைப் பண்ணைகள் விவரம் அச்சிட்ட சரக்கை மட்டுமே வாங்கத் தொடங்கினால் விற்பவர்கள் தாமாகவே வழிக்கு வருவார்கள்.

அலசல் கூடினால் பழுப்புநிறக் கழிவுநீரும் கூடும். மாசின் அளவைக் கொண்டு தொழில்களை நிறங்களால் பிரிக்கும் பட்டியலில், தென்னை நார்த் தொழில் 2021-இல் ஆரஞ்சு வகைக்கு மாற்றப்பட்டதற்கு நிலத்தடி நீர் குறித்த கவலையே காரணம் என்பதையும் அறிவேன். ஆகவே அலசிய நீரைத் தேக்கி மறுபடி பயன்படுத்தும் தொட்டிகளுக்குச் சிறு ஆலைகளுக்கு மானியம் அளிப்பதையும் இத்துடன் சேர்த்தே பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
காய்கறி நாற்றுப்பண்ணை நடத்துவோரில் ஒருவன்,
உடுமலைப்பேட்டை.