படத்தை இழுக்காதீர்கள், ஆளை வெட்டாதீர்கள்

பழைய சிறுவர் கதைப் புத்தகங்களை மறுபதிப்பு செய்யும் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். வரைபடமோ உதிரிபாகமோ மிஞ்சாத பழைய இயந்திரங்களுக்கு மரத்தில் மாதிரி செய்கிறேன். சில இயந்திரங்களுக்கு கதைப் புத்தகத்துப் படம் மட்டும்தான் மிச்சம். ஸ்கேலை வைத்து அதைத்தான் அளக்கிறேன்.

உங்களில் ஒருவர் கொண்டுவந்த புதுப்பதிப்பில் குட்டி நீராவி எஞ்சின் ஒன்று. நேர் முன்னால் இருந்து பார்த்து வரைந்தது, பக்கத்தில் டிரைவர் நிற்கிறார். தொப்பியை விட்டு அளந்தால் அவர் 34 மி.மீ. நிஜத்தில் 170 செ.மீ. என்று வைத்தால் படத்தின் 1 மி.மீ. என்பது 50 மி.மீ. அவர் பாதத்துக்கு நேராகத் தண்டவாளங்களின் இடைவெளி 15 மி.மீ., அதாவது 750. இரண்டரை அடி கேஜ் என்கிற தண்டவாள இடைவெளி 762 மி.மீ. சரி, கணக்கு உட்கார்ந்துவிட்டது என்று நம்பி அச்சுத்தண்டுகளை வெட்டினேன்.

அப்புறம்தான் எஞ்சின் முகத்தில் இருந்த புகைப்பெட்டிக் கதவு கண்ணை உறுத்தியது. வட்டமாக இருக்க வேண்டியது, படுத்த முட்டை போல இருந்தது. உயரம் 14, அகலம் 17.5. பக்கத்தை நிரப்புவதற்காகப் படத்தைக் குறுக்கே கால் பங்கு இழுத்திருக்கிறார்கள். 15ஐ 1.25ஆல் வகுத்தால் 12. அப்படியானால் நிஜத்தில் 600, அது 610 மி.மீ. கொண்ட இரண்டடி கேஜ். வேறு ரயில்! தேடிப் பிடித்த பழைய பதிப்பிலும் 12தான் இருந்தது.

படத்தைச் சீராகச் சிறிதாக்குங்கள், பெரிதாக்குங்கள், விகிதம் மாறாது. ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் எல்லாம் போச்சு.

வெட்டுவது அதைவிட மோசம். இயந்திரம்தானே முக்கியம் என்று ஓரத்தில் நிற்பவரை எடுத்துவிடுகிறீர்கள். அவர்தான் எங்கள் அளவுகோல். அவர் இல்லாவிட்டால் செங்கல் வரிசையை எண்ணலாம். அல்லது தொடுவானக் கோட்டைப் பிடிக்கலாம்: சமதரையில் நின்று வரைந்த படத்தில் அந்தக் கோடு இயந்திரத்தை எங்கே வெட்டுகிறதோ, அது ஓவியரின் கண் உயரம், ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். பின்னணியை வெள்ளையாக்கிவிட்டால் அதுவும் கிடையாது.

கதைக்கு வரைகிறவர்கள் மிகைப்படுத்துவார்களே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அது பார்த்தாலே தெரிந்துவிடும். வளர்ந்தவரின் உயரம் தலையைப் போல ஏழு, ஏழரை மடங்கு. படத்தில் ஐந்துதான் என்றால் அந்த ஆளை நான் நம்புவதில்லை. நீங்கள் இழுத்ததும் வெட்டியதும் அப்படித் தெரிவதில்லை. அந்த வட்டக் கதவு மட்டும் இல்லையென்றால் என் தவறு எனக்கே தெரிந்திருக்காது.

படம் பக்கத்துக்குப் பொருந்தாவிட்டால் சுற்றிலும் வெள்ளை விடுங்கள். வெட்டியே ஆக வேண்டுமென்றால், வெட்டப்பட்ட படம் என்று அடியில் ஒரு வரி போடுங்கள்.

அதே புத்தகத்தில் ஒரு கைக் கிரேன் இருக்கிறது. கைப்பிடியைப் பிடித்திருக்கும் விரல்கள் தெரிகின்றன, ஆள் இல்லை. பழைய பதிப்பில் அந்தப் பக்கம் கிழிந்துபோயிருக்கிறது. முழுப் படத்தின் ஸ்கேன் உங்களிடம் இருந்தால், அடுத்த பதிப்பில் அவரைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள். கிரேன் வேலையை அதுவரை நிறுத்திவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு மாதிரி செய்பவன்