திறக்காத குப்பியும் உறைந்த மருந்தும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொலைதூரக் கிராமங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி விடுபட்டால், 'மக்களிடம் விழிப்புணர்வு இல்லை' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். ஊசி தேடி வந்த தாயைத் திருப்பி அனுப்பியது யார் என்று எவரும் கேட்பதில்லை.

தட்டம்மைத் தடுப்பு மருந்து பெரும்பாலும் 10 டோஸ் குப்பியில் வருகிறது. தூளாக உள்ள அதைத் திரவத்தில் கரைத்த பிறகு 6 மணி நேரம் ஆனாலோ, அதற்கு முன்பே முகாம் முடிந்தாலோ, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கிருமி வளராமல் காக்கும் பொருள் அதில் கிடையாது; மறுநாள் போட்டால் உயிருக்கே ஆபத்து. சிற்றூரில் வருவதோ இரண்டு குழந்தைகள். மிச்சம் வீணாகுமே என்று பயந்து, குப்பியைத் திறக்காமலே 'அடுத்த மாதம் வாங்க' என்கிறார்கள். ஒரு குழந்தை வந்தாலும் திறக்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். வீணான டோஸுக்குக் கணக்குக் கேட்கும் மேலதிகாரி, திரும்பிப்போன குழந்தைக்கும் கணக்குக் கேட்கட்டும். 5 டோஸ் குப்பிகளும் உண்டு; அவற்றைச் சிற்றூர்களுக்கு ஒதுக்கலாம்.

வெப்பம் மருந்தைக் கெடுக்கும் என்பது தெரிந்ததுதான். குளிரும் கெடுக்கும். பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களைத் தடுக்கும் கூட்டு ஊசி), ஹெபடைடிஸ்-பி, ரணஜன்னி ஊசிகளில் அலுமினிய உப்பு இருக்கிறது. உறைந்தால் அது திரண்டு மருந்தின் வீரியம் போய்விடும், உருக்கினாலும் திரும்பாது. இவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். ஃப்ரீசரில் இருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே மருந்து கொண்டுபோகும் பெட்டியில் அடுக்குவதுதான் வழக்கமான தவறு. குலுக்கினால் உள்ளே நீர் சலசலத்து, கட்டி அசையும் வரை வெளியில் வைத்த பிறகே அடுக்க வேண்டும். குப்பி மேலுள்ள நிறம் மாறும் முத்திரை வெப்பத்தை மட்டுமே காட்டும், உறைந்ததைக் காட்டாது. சந்தேகம் வந்தால், அதே நிறுவனத்தின் அதே தொகுதி (batch) குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, இரண்டையும் குலுக்கி அருகருகே வைத்துப் பார்க்கலாம். சந்தேகக் குப்பியிலும் அதே வேகத்திலோ அதைவிட விரைவாகவோ வண்டல் படிந்தால், அதைப் பயன்படுத்தக் கூடாது.

சுகாதாரக் கல்விக்குச் சுவரொட்டியைவிட ஊசி போட்ட பின் பேசும் இரண்டு நிமிடம் பெரிது. என்ன ஊசி, எந்த நோய்க்கு, என்ன தொந்தரவு வரலாம், அடுத்து எப்போது வர வேண்டும், அட்டையைப் பத்திரமாக வையுங்கள் - இவ்வளவே. பென்டாவேலன்ட் காய்ச்சல் ஓரிரு நாளில் வந்து போகும். தட்டம்மை ஊசிக் காய்ச்சலோ ஒரு வாரம் கழித்துத்தான் வரும். காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்ட இடத்தில் சில வாரங்களில் சிறு புண் வந்து தானே ஆறும், எதுவும் தடவ வேண்டாம். வலிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே மருத்துவமனை. இதை முன்பே சொல்லாவிட்டால் அடுத்த தவணைக்கு அந்தத் தாய் வரமாட்டார். சொன்னதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்வது நல்லது.

முகாம் நேரத்தை ஊராரிடம் கேட்டே வைக்க வேண்டும். எல்லோரும் வேலைக்குப் போன பிறகு பெட்டியைத் திறந்து பயனில்லை. அட்டை தொலைந்ததென்று யாரையும் திருப்பி அனுப்பாமல், பதிவேட்டைப் பார்த்துப் புது அட்டை எழுதிக் கொடுத்து, அன்றே ஊசி போட வேண்டும்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரப் பணியிலுள்ள வாசகர்கள்