தம்பியைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி இப்போது நன்றாகத் தூங்குகிறான், வீட்டில் எல்லோரிடமும் பழையபடி பேசுகிறான். அதற்குக் காரணமானவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.

முதல் நன்றி அவனுடைய நண்பனுக்கு. எல்எஸ்டி என்ற போதைப்பொருள் தோய்ந்தது என்று யாரோ கொடுத்த சின்னக் காகிதத் துண்டைத் தம்பி நாக்கில் வைத்திருக்கிறான். கொஞ்ச நேரத்தில் சுவரெல்லாம் அசைவதுபோல் தெரிந்திருக்கிறது. அப்புறம் யாரோ கொல்ல வருவதாக அலறிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடப் பார்த்திருக்கிறான். கூட இருந்தவர்கள் போலீசுக்குப் பயந்து கலைந்துவிட்டார்கள். நீ மட்டும் போகவில்லை. மாடிக் கதவைப் பூட்டினாய், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாய், அவன் எதை, எப்போது எடுத்தான் என்று எதையும் மறைக்காமல் சொன்னாய்.

அந்த உண்மை எவ்வளவு பெரிய உதவி என்று மருத்துவர் விளக்கியபோதுதான் புரிந்தது. எல்எஸ்டி மைக்ரோகிராம் கணக்கிலேயே வேலை செய்யும்; காகிதத்தில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தப் பெயரில் என்பிஓஎம்இ என்ற வேறு ரசாயனத்தையும் விற்கிறார்கள். அதனால் வலிப்பு வந்து இறந்தவர்களும் உண்டு. அதனால்தான் அவனுடைய இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் உடல் சூட்டையும் விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த மருத்துவருக்கும் செவிலியருக்கும் நன்றி. இதற்கு முறிவு மருந்து கிடையாதாம். போதை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை நீடிக்கலாம். அதற்குள் பயத்தில் மாடியிலிருந்து குதிப்பது, சாலையில் ஓடுவது போன்றவைதான் பெரிய ஆபத்து என்றார்கள். கட்டிப்போட்டால் திமிறித் திமிறி உடல் சூடு ஏறிவிடும் என்று, பதற்றம் தணிய மருந்து கொடுத்து, வெளிச்சம் குறைந்த அறையில் படுக்க வைத்தார்கள். "இது அந்தப் போதை பண்ற வேலைப்பா, போயிடும்" என்று சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்த செவிலியர் அக்காவின் குரலைத் தம்பி இன்னும் சொல்கிறான்.

மனநல மருத்துவருக்கும் கடன்பட்டிருக்கிறோம். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு உண்டா என்று அவர்தான் கேட்டார். எங்கள் மாமாவுக்கு உண்டு. அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்த மாதிரிப் போதைப்பொருள் நீண்டகால மனநோயைக் கிளப்பிவிடக்கூடும் என்பதால் இன்னும் கண்காணிப்பில் வைத்திருக்கிறார். போதை இறங்கிப் பல நாள் கழித்தும், அசையும் பொருளின் பின்னால் ஒளிக்கோடு தெரிகிறது என்று அவன் பயந்தபோது, "சிலருக்கு இப்படி ஆவதுண்டு, உனக்குப் பைத்தியம் இல்லை" என்று பொறுமையாகப் பேசினார். அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் அவன் சரியாகச் சாப்பிடவே தொடங்கினான்.

கடைசியாக, அந்த நண்பனின் அம்மா அப்பாவுக்கு. போலீஸ், விசாரணை என்று வந்தால் மகனுக்கும் சிக்கல் என்று தெரிந்தும் அவனை வீட்டுக்குக் கூப்பிடாமல், விடியும்வரை எங்கள் பிள்ளையோடு இருக்கச் சொன்னீர்கள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே எங்களுக்குத் தெரியவில்லை.