ஓய்வு நாளுக்கு இரண்டாண்டு முன்பே தொடங்க வேண்டிய வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை மாவட்டத்து நூற்பாலை ஒன்றின் டைம் ஆபீஸில் (தொழிலாளர் வருகையையும் பணிப் பதிவுகளையும் பார்க்கும் அலுவலகம்) எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தில் எத்தனையோ பிரிவு உபசார விழாக்களைப் பார்த்திருக்கிறேன். சால்வை, சந்தன மாலை, குத்துவிளக்கு, குடும்பத்தோடு ஒரு புகைப்படம் என்று நிர்வாகம் எந்தக் குறையும் வைப்பதில்லை. ஆனால் மறுநாள் காலையிலிருந்து அந்தத் தொழிலாளி எந்தெந்தத் தாளுக்காக அலைய வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே உட்கார்ந்து பார்க்கும் மில்கள் மிகக் குறைவு.

நூல் நூற்கும் இயந்திரமான ரிங் பிரேம் பிரிவில் 17 ஆண்டுகள் வேலை பார்த்த என் நண்பர் 2025இல் 58 வயது நிறைந்து ஓய்வு பெற்றார். அவருடைய தாள்களை என் வீட்டுத் திண்ணையில் பரப்பிப் பார்த்தோம். ஆதாரில் தந்தை பெயர் முழுதாகப் பின்னால் நிற்கிறது. வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் அதே பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்கிறது. பிறந்த தேதி ஒன்றில் பள்ளி மாற்றுச் சான்றிதழில் உள்ளபடி இருக்க, மற்றொன்றில் ஜனவரி 1 என்று இருக்கிறது. கணினியைப் பொறுத்தவரை இவர்கள் இரண்டு பேர். இதைத் திருத்தத் தொழிலாளியும் நிறுவனமும் சேர்ந்து கூட்டு உறுதிமொழி தர வேண்டும். வேலையில் இருந்தபோது டீ இடைவேளையில் முடிந்திருக்கக்கூடிய அந்தக் கையெழுத்துக்காக, அவர் இப்போது அதே மில் கேட்டில் வாட்ச்மேனிடம் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு வேப்பமரத்தடியில் காத்திருக்கிறார்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று அந்தத் தாள்களுக்குள் இருந்தது. இந்த மில்லுக்கு வருமுன், பிறகு மூடப்பட்டுவிட்ட வேறொரு மில்லில் அவர் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறார். அங்கிருந்த வைப்பு நிதிக் கணக்கு, வேலை மாறினாலும் ஒருவருக்கு ஒரே எண்ணாகத் தொடரும் யூ.ஏ.என். எண்ணோடு சேர்க்கப்படவே இல்லை. வைப்பு நிதியோடு சேர்ந்து வரும் ஓய்வூதியம் கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்துக் கணக்கிடப்படுவதால், வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டும் ஆயுள் முழுவதும் மாதப் பணமாக வரக்கூடியது. அதற்கு மேலாக, 20 ஆண்டுப் பணியை நிறைவு செய்து 58 வயதில் ஓய்வு பெறுவோருக்கு இரண்டு ஆண்டுகள் கூடுதலாகச் சேர்த்துக் கணக்கிட விதி இருக்கிறது. பழைய ஏழு ஆண்டுகள் சேர்ந்திருந்தால் அவருக்கு 24 ஆண்டுகளும் அதற்கு மேல் அந்த இரண்டும் கிடைத்திருக்கும். சேராததால் 17 மட்டுமே நிற்கிறது. மாதம் ஆயிரம், இரண்டாயிரம் என்பது எங்களைப் போன்றோர் வீட்டில் மருந்துச் செலவு.

தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. விஷயமும் இப்படித்தான். ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் காப்பீட்டில் இருந்து வயது முதிர்வால் ஓய்வு பெறுபவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தமக்கும் துணைவருக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். நிறுவனம் ஒரு சான்று தந்தால் போதும். ஆனால் இந்த ஏற்பாடு இருப்பதையே அறியாமல், ஓய்வு பெற்ற அன்றே அட்டையைப் பெட்டியில் போட்டுப் பூட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பணிக்கொடையை 30 நாட்களுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். அதைத் தவணையாகக் கேட்டு வாங்கும் நிலை இருக்கக் கூடாது.

மத்திய அரசு ஊழியருக்கு, ஓய்வு பெறும் தேதிக்கு ஓராண்டு முன்பே ஓய்வூதிய ஆவணங்களைத் தயாரிக்கத் தொடங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. தனியார் ஆலைத் தொழிலாளிக்கு அப்படி யார் செய்வது? செலவு அதிகம் பிடிக்கும் காரியம் அல்ல இது. 56 வயது நிறைந்ததும் அவரையும் மனைவியையும் ஒரு நாள் டைம் ஆபீஸுக்கு அழைத்து, பெயர், பிறந்த தேதி, பழைய பணி, வங்கிக் கணக்கு, வாரிசு நியமனம் ஆகியவற்றை ஒருமுறை சரிபார்த்தால் பெரும்பாலான சிக்கல்கள் அங்கேயே தீரும். வாரிசு நியமனத்தை நான் குறிப்பாகச் சொல்கிறேன். திருமணத்துக்கு முன் தந்தை பெயரில் எழுதிக் கொடுத்தது திருமணத்தோடு செல்லாமல் போகிறது என்பது பலருக்கும் தெரியாது.

கோவையில் இயங்கும் தென்னிந்திய மில்கள் சங்கம் இதைத் தன் உறுப்பினர் ஆலைகளுக்கு ஒரு நடைமுறையாகவே பரிந்துரைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்று 56 வயதில் ரிங் பிரேமுக்கு முன்னால் நிற்பவர்களின் பெயர்ப் பட்டியல் ஒவ்வொரு டைம் ஆபீஸிலும் இருக்கிறது. இந்த மாதமே அதை எடுத்துவைத்துத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மில் ஊழியர்,
சூலூர்.